முதலில் எங்கள் பிரிவு

நான் வேலை பார்த்த மருந்து விநியோகக் கம்பெனி தி.நகரில், பனகல் பார்க்குக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில், ஒரு பழைய பங்களாவில் இருந்தது. கிடங்கு கிண்டியில். எந்த மருந்து எவ்வளவு வந்தது, எந்தக் கடைக்கு எவ்வளவு போனது, மிச்சம் எவ்வளவு என்று ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு அட்டை வைத்து எழுதுவது எங்கள் ஸ்டாக் பிரிவின் வேலை. ஆறு பேர், எல்லாரும் பெண்கள். நான் தலைவி. தலைவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஜன்னலோர மேஜை, மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி, கையெழுத்துப் போடும் பொறுப்பு, அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் காலை ஜெனரல் மேனேஜர் எங்கள் அறைக்கே வந்தார். வழக்கமாக அவர் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் மணி அடித்துக் கூப்பிடுவார். அன்று வாசலில் நின்று, எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, கம்பெனி கம்ப்யூட்டருக்கு மாறப்போகிறது என்று சொன்னார். யாருக்கும் வேலை போகாது, கஷ்டம்தான் குறையும் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுக்கு ஒரு கமிட்டி போடறோம்மா. நீங்களும் அதுல இருக்கணும். உங்களைக் கேக்காம எதுவும் செய்யறதா இல்லை" என்றார்.

கம்ப்யூட்டர் எங்கள் ஆபீஸுக்கு வரவில்லை. மவுண்ட் ரோடில் ஒரு கம்பெனி வைத்திருந்த இயந்திரத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதாக ஏற்பாடு. எங்களுக்கென்று வந்தது ஒரு பாக்கேஜ். அதாவது யாரோ வெளிநாட்டில், எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்படி முன்னாலேயே எழுதி முடித்து, காந்த நாடாவில் பதிந்து அனுப்பிய புரோகிராம். இருப்புக் கணக்கு, பில், வரவு செலவு எல்லாம் அதிலேயே அடக்கம்.

இதையெல்லாம் எங்களுக்கு விளக்கியவர் புதிதாகச் சேர்ந்த சிஸ்டம்ஸ் ஆபீசர். இருபத்தெட்டு வயது இருக்கும். மெல்லிய குரல், தடிமனான கண்ணாடி. கெட்டிக்காரர், அதைவிட நல்லவர். "ரெடிமேட் சட்டை மாதிரின்னு வச்சுக்கோங்க மேடம். தையக்காரன்கிட்ட அளவு குடுத்துக் காத்திருக்க வேண்டாம். வாங்கி மாட்டிக்க வேண்டியதுதான்" என்றார்.

அவர் அந்தப் பக்கம் போனதும் பக்கத்து மேஜைக்காரி சொன்னாள்: "சட்டை பத்தலைன்னா இன்னா பண்றதாம்? கையை வெட்டிக்கணுமா?"

அறையே சிரித்தது. அவள் அப்படித்தான். பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்து, பி.ஏ. முடித்த முதல் ஆள். ஆபீசர்களிடம் பேசும்போது அச்சடித்த மாதிரித் தமிழ் வரும். எங்களிடம் மட்டும் தன் வீட்டுப் பேச்சு. மயிலாப்பூரில், குளத்தைச் சுற்றிய வீதிகளைத் தாண்டி அதிகம் அறியாத எனக்கு, அந்த ஆபீஸில் உண்மையான சிநேகிதி என்று இருந்தவள் அவள்தான். மாலையில் பஸ் பிடிக்கப் பாண்டி பஜார் வழியாகச் சேர்ந்தே நடப்போம்.

நான் கமிட்டியில் இருக்கிறேன் என்று கேட்டதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்மாத்துப் பொண்ணை உக்கார வச்சுண்டு ஆலோசனை கேக்கறாளாம்" என்று கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். அம்மா போன பிறகு அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

கமிட்டியில் ஜெனரல் மேனேஜர், கணக்குப் பிரிவு மேனேஜர், பில் பிரிவின் தலைவர், சிஸ்டம்ஸ் ஆபீசர், நான். மாடி அறையில் வாரா வாரம் கூடுவோம். முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. பாக்கேஜை நம் வேலைக்கு ஏற்ப மாற்றுவதா, நம் வேலையைப் பாக்கேஜுக்கு ஏற்ப மாற்றுவதா என்பது ஒன்று. பழைய முறையிலிருந்து புதியதற்கு எந்த வழியில் போவது என்பது இன்னொன்று.

முதல் கேள்வி சீக்கிரம் முடிந்தது. அந்தப் பாக்கேஜ் இரும்புச் சாமான் விற்கிற கம்பெனிகளை நினைத்து எழுதியது போலும். மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு என்பது அதற்குத் தெரியாது. பழைய சரக்கை முதலில் அனுப்பு என்று சொல்ல அதில் இடமே இல்லை. நான் இதைச் சொன்னபோது சிஸ்டம்ஸ் ஆபீசர் முகம் வாடிவிட்டது. மாற்றி எழுதலாம், ஆனால் ஒரு இடத்தில் கை வைத்தால் இன்னொரு இடத்தில் உடையும் என்றார். ஜெனரல் மேனேஜர் சற்று யோசித்துவிட்டு, பாக்கேஜில் யாரும் கை வைக்க வேண்டாம், நாம்தான் மாற வேண்டும், காலாவதித் தேதியைத் தனியாகக் கையால் எழுதிக்கொள்ளலாம் என்று முடித்தார்.

இரண்டாவது கேள்விதான் வாரக்கணக்கில் இழுத்தது. சிஸ்டம்ஸ் ஆபீசர் ஒரு பெரிய தாளில் படம் வரைந்துகொண்டு வந்தார். ஒரு வழி, ஒரே நாளில் எல்லாப் பிரிவும் பழையதை மூடிவிட்டுப் புதியதில் இறங்குவது. இன்னொன்று, பழையதையும் புதியதையும் எல்லாப் பிரிவிலும் பல மாதம் சேர்த்து ஓட்டிப் பார்ப்பது. மூன்றாவது, ஒரு பிரிவை எடுத்து, அதை முழுக்க மாற்றி, சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அடுத்த பிரிவுக்குப் போவது. முதலில் ஸ்டாக், பிறகு பில், கடைசியில் கணக்கு. அவருக்கு மூன்றாவது வழிதான் பிடித்திருந்தது. அதில்தான் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது, எல்லாரும் நிதானமாகக் கற்றுக்கொள்ளலாம் என்றார்.

இதை நான் மதியச் சாப்பாட்டின்போது என் சிநேகிதியிடம் சொன்னேன். சாப்பிடுகிற கையை அவள் அப்படியே நிறுத்தினாள்.

"மொதல்ல நம்மளையா?"

"ஆமாம். அப்புறம் பில்."

"எல்லாரையும் ஒரே நாள்ல மாத்தச் சொல்லு."

"அது ரொம்ப ஆபத்துன்னு அவர் சொல்றார். ஒரு தப்பு நடந்தா மொத்தமா நின்னுபோகும்."

"நிக்கட்டும். எல்லாருக்கும் ஒரே நாள்ல வயித்துல கலக்குனாத்தான் எல்லாரும் ஒண்ணா எழுந்து நிப்பாங்க. ஒவ்வொருத்தரா எடுத்தாங்கன்னு வச்சுக்கோ, நமக்கு நடக்கும்போது பில்காரன் குனிஞ்சு எழுதிக்கினு இருப்பான். அவனுக்கு நடக்கும்போது கணக்குக்காரன் குனிஞ்சுக்குவான். எங்க குப்பத்துல ஆளுங்களைக் காலி பண்ணப்போ அப்டித்தான் பண்ணாங்க. மொதல்ல ஒரு வரிசை. மத்தவங்க பாத்துக்கினு இருந்தோம்."

"வேலை போகாதுன்னு சொல்றாரே."

"சொல்வாரு. நல்லவரா இருந்தாக்கூட சொல்வாரு."

அந்த வார்த்தை என்னை உலுக்கியது. அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, ஒரே நாளில் எல்லாரும் மாறுவதுதான் நல்லது என்று சொன்னேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை நான் காலாவதித் தேதி போன்ற நுணுக்கமான விஷயங்களை மட்டுமே பேசியிருந்தேன்.

"ஏன் மேடம்?" என்று சிஸ்டம்ஸ் ஆபீசர் உண்மையான ஆவலோடு கேட்டார்.

காரணத்தை நான் எப்படிச் சொல்வது? உங்களை எதிர்த்து நிற்க எங்களுக்கு வசதியாக இருக்கும் என்று அந்த மேஜையில் உட்கார்ந்து சொல்ல முடியுமா? இரண்டு முறைகள் கலந்து கிடந்தால் குழப்பம் வரும், எல்லாரும் ஒன்றாகக் கற்றுக்கொள்வது நல்லது என்று ஏதோ சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஒரே நாளில் மாறி, இருப்புக் கணக்கில் பிழை வந்துவிட்டால் பில் தப்பாகும், பில் தப்பானால் கிடங்கிலிருந்து சரக்கு வெளியே போகாது. ஆஸ்பத்திரிகளுக்கு இன்சுலின் போய்ச் சேராத நாள் ஒன்று வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். கேட்டுவிட்டு, என்னை மடக்கிவிட்டோமோ என்ற சங்கடத்தோடு கீழே பார்த்தார். அவர் சொன்னது முழுக்க நிஜம். எங்கள் சரக்கை நம்பி உயிர் வாழ்கிறவர்கள் இருந்தார்கள். அந்த மேஜையில் வைத்துப் பார்த்தால் அவர் வழிதான் சரியான வழி என்று எனக்கே தெரிந்தது. 

"மேடம் சொன்னதையும் குறிச்சுக்கோங்க" என்றார் ஜெனரல் மேனேஜர் கனிவாக. மூன்றாவது வழி முடிவாயிற்று.

கீழே வந்து அவளிடம் சொன்னேன். "நீ சொன்னியா?" என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். "அப்ப சரி. வா, வேலையப் பாப்போம்" என்று அட்டைப் பெட்டியை இழுத்துக்கொண்டாள்.

அந்த மாதங்களில் நாங்கள் பார்த்த வேலையை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் எண் கொடுக்க வேண்டும். ஒரே மருந்து, சின்ன பாட்டில், பெரிய பாட்டில், மாத்திரை என்று வேறு வேறு எண். நாங்கள் எழுதிக் கொடுப்பதை மவுண்ட் ரோடில் துளையிட்ட அட்டைகளாக்கி, இயந்திரத்தில் ஓட்டி, அகலத் தாளில் அச்சடித்து அனுப்புவார்கள். அதை எங்கள் பழைய அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். முதலில் எதுவுமே ஒத்துவரவில்லை. இருமல் மருந்து இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு இருக்கும். இருப்பு கழித்தல் குறியோடு வரும். அவள் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, "கிண்டியில இல்லாத மருந்தை அனுப்பிக்கினு கீறோம், பாரு" என்பாள். அப்புறம் உட்கார்ந்து பிழை எங்கே என்று தேடுவாள்.

எங்களில் யாரும் அந்த வேலையை அரைமனதாகச் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை. தப்பான எண்ணைக் கண்டுபிடித்துத் திருத்துவதில் ஒரு சந்தோஷம் இருந்தது. சிஸ்டம்ஸ் ஆபீசர் எங்கள் அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். என் சிநேகிதிக்கும் அவருக்கும் நல்ல ஒட்டுதல் உண்டாயிற்று. "நீங்க புரோகிராம் எழுதக் கத்துக்கணும். நான் சொல்லித்தரேன்" என்று அவளிடம் சொன்னார். அவள் நம்பினாள் என்று நினைக்கிறேன். வீட்டில் தம்பிகளிடம்கூடச் சொல்லியிருந்தாள்.

இதற்கு நடுவில் நாட்டில் அவசரநிலை வந்துவிட்டது. எங்கள் ஊழியர் சங்கத்தின் செயலாளர் பில் பிரிவில் இருந்தார். அதற்கு முன்பெல்லாம் வாசல் மரத்தடியில் நின்று சத்தமாகப் பேசுகிற மனிதர், தலையைக் குனிந்துகொண்டு வந்து போக ஆரம்பித்தார். மாநில ஆட்சியையும் கலைத்த பிறகு சங்கம் என்ற சொல்லையே ஆபீஸில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு நாள் எங்கள் அட்டையும் இயந்திரத்தின் தாளும் அச்சு அசலாக ஒத்துப்போயின. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. ஜெனரல் மேனேஜர் மைசூர்பாகு வரவழைத்தார். எங்கள் ஆறு பேருக்கும் கை கொடுத்தார். பழைய அட்டைகளை மூட்டை கட்டிக் கிண்டிக்கு அனுப்பினோம்.

அடுத்த மாதம் மாற்றல் உத்தரவுகள் வந்தன. இரண்டு பேர் கிண்டிக் கிடங்கில் பார்சல் பிரிவுக்கு. இரண்டு பேர் மதுரைக் கிளைக்கு. என் சிநேகிதி விஜயவாடாவுக்கு. நான் மட்டும் அங்கேயே. காலாவதித் தேதிகளைக் கையால் எழுத ஒரு ஆள் வேண்டுமே.

நான் நேராக மாடி ஏறினேன். ஜெனரல் மேனேஜர் எழுந்து நின்று என்னை உட்காரச் சொன்னார்.

"ஸார், வேலை போகாதுன்னு சொன்னீங்களே."

"யாரையும் வேலையை விட்டு எடுக்கலையேம்மா. இடம்தானே மாத்தியிருக்கோம்."

"அவ அம்மா மீன் வித்துப் பொழைக்கிறவங்க. ரெண்டு தம்பிங்க படிக்கிறாங்க. பாஷை தெரியாத ஊருக்கு ஒத்தையா எப்படிப் போவா?"

"வெளியூர் போக இஷ்டமில்லாதவங்களைக் கட்டாயப்படுத்த மாட்டோம். எழுதிக் குடுத்துட்டு கௌரவமா விலகிக்கலாம்." பிறகு இன்னும் மெதுவாக, "உங்களுக்காக நான் பேசித்தாம்மா உங்களை இங்கேயே வச்சிருக்கேன்" என்றார்.

அவர் குரலில் கோபமோ கேலியோ இல்லை. என் மேல் அவருக்கு நிஜமாகவே மரியாதை இருந்தது. அந்த அறையை விட்டு வெளியே வந்தேன். பில் பிரிவு வழியாகத்தான் படியிறங்க வேண்டும். அங்கே இருபது பேராவது இருந்தார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஒருவர் தலையும் நிமிரவில்லை. பில் பிரிவின் தலைவரிடம் போய் நின்றேன். "ஸார், நீங்க எல்லாரும் சேர்ந்து ஒரு வார்த்தை சொன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"இது உங்க செக்‌ஷன் விஷயம்மா" என்றார், பேனாவை மூடாமலே. "இந்தக் காலத்துல வாயைத் தொறந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். எனக்கும் குழந்தை குட்டி இருக்கு."

சிஸ்டம்ஸ் ஆபீசர் வெளிறிப்போயிருந்தார். தனக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் செய்தார். நான் நம்பினேன். அவளும் நம்பினாள். "உங்களை யாரு கேட்டாங்க ஸார், வுடுங்க" என்று அவள் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிண்டிக்குப் போனவர்கள் மூட்டை தூக்கும் இடத்தில் சில வாரம் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வேலையை விட்டுவிட்டார்கள். மதுரை உத்தரவு வந்தவர்கள் போகவே இல்லை. என் சிநேகிதி கடைசி நாள் வரை வேலை பார்த்தாள். அன்று மேஜையைத் துடைத்து வைத்துவிட்டு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். பட்டினப்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிக் கொடுத்த அடுக்கு வீட்டில், மூன்றாவது மாடி. கடல் காற்றில் துணிகள் படபடத்துக்கொண்டிருந்தன. அவள் அம்மா கடைக்குப் போயிருந்தார். அவள் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். என் மேல் அவளுக்குக் கோபம் இருந்திருந்தால் அதைத் தாங்கியிருப்பேன்.

"வேற எடத்துல பாக்கறேன்" என்று ஆரம்பித்தேன். "எங்கப்பாவுக்குத் தெரிஞ்ச ஸ்கூல்ல..."

"வேணாம்டி. எனக்கு ஆபீஸே பிடிக்கல இப்போ." டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "அந்தத் தாள் ஒத்துப்போச்சு பாரு, அன்னிக்கு ராத்திரி அம்மாகிட்ட சொன்னேன். நாங்க பண்ணிட்டோம்மான்னு. அது இன்னான்னு கேட்டுச்சு. சொல்லத் தெரியல. சந்தோஷமா கீதுன்னு மட்டும் சொன்னேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. என் தோளில் கை வைத்து, "போ, இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போ" என்றாள். அதன் பிறகு இரண்டு முறை போனேன். மூன்றாவது முறை போனபோது வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். காசிமேட்டுப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

ஒரு வருஷத்துக்குள் பில் பிரிவு மாறியது. அதுவும் நன்றாகவே மாறியது. பிறகு அங்கேயும் உத்தரவுகள் வந்தன. ஒரு மதியம் அந்தப் பிரிவுத் தலைவர் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். சட்டைக் காலர் கசங்கியிருந்தது.

"என்னை கோயம்புத்தூருக்குப் போட்டிருக்காங்கம்மா. நீங்க கமிட்டியில இருந்தவங்க. ஜெனரல் மேனேஜர் உங்க பேச்சைக் கேப்பார். கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்."

அன்று அவர் என்னிடம் சொன்ன வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அதற்கான கோபம்கூட எனக்குள் மிச்சமில்லை. மாடி ஏறிச் சொன்னேன். ஜெனரல் மேனேஜர் கனிவாகக் கேட்டுக்கொண்டார். எதுவும் மாறவில்லை. அந்த மனிதர் கோயம்புத்தூர் போனார். கணக்குப் பிரிவுக்காரர்கள் வழியனுப்பக்கூட வரவில்லை.

சிஸ்டம்ஸ் ஆபீசர் பம்பாயில் வேறு வேலை கிடைத்துப் புறப்பட்டார். போகும் நாளன்று விடைபெற வந்தவர் கிளம்பாமல் நின்றார்.

"நான் சொன்ன வழி தப்பா மேடம்?"

"இல்ல. சரியான வழிதான். ஒரு நாள்கூட மருந்து நிக்கலையே."

"ஒரே நாள்ல மாத்தியிருந்தா அவங்க இருந்திருப்பாங்களா?"

"தெரியல ஸார். எல்லாரையும் ஒரே நாள்ல அனுப்பியிருப்பாங்களோ என்னவோ. அந்தக் காலத்துல யார் கேட்டிருப்பா?"

அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்தார். மன்னித்தேன் என்றோ திட்டியோ ஒரு சொல். என்னால் இரண்டும் முடியவில்லை. போய் வாருங்கள் என்றேன்.

நான் அங்கேயே இருந்தேன். அப்பாவுக்கு ஆஸ்துமா முற்றிக்கொண்டே போனது. என் சம்பளம் இல்லாமல் வீடு ஓடாது. "எத்தனையோ பேரை அனுப்பிச்சா, உன்னை விடலையே. அது போறும்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் சமையலறைக்குள் போய்விடுவேன். காலையில் புடவை கட்டும்போதே மார்பில் ஏதோ ஏறி உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸில் ஏறி, தி.நகரில் இறங்கி, அந்த அறைக்குள் போய் உட்காரும் வரை அது இறங்காது. உட்கார்ந்த பிறகும் இறங்காது. பழகிக்கொண்டேன் என்று சொல்லலாம். சொல்ல வேறு வார்த்தை இல்லை.